எமர்சன் ரெனென்ற்: வழியற்ற பட்டமும் வழிவந்த நூலும்

பட்டங்களின் வரலாறு பெரும்பாலும் பட்டம் பெற்றோரின் புகழ் வரலாறாகவே எழுதப்படுகின்றது. எவருக்கு, எந்நாளில், எவ்வரசர் பட்டம் வழங்கினார் என்பதைப் பதிந்து வைப்போர் பலர். அப்பட்டம் எப்பொழுது, எவ்வாறு அற்றுப்போயிற்று என்பதை ஆராய்வோர் சிலரே. ஆயினும் ஒரு பட்டத்தின் பயனை அளக்க விரும்புவோன் அதன் பிறப்பை மட்டுமன்றி இறப்பையும் நோக்குதல் வேண்டும். அது போன பின்னர் எஞ்சியது யாது என்னும் வினாவே வரலாற்று மாணவனுக்குப் பயன் தருவது. அத்தகைய ஆய்வுக்கு இலங்கைச் சரித்திரத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு பட்டத்தை ஈண்டு எடுத்துக்கொள்வாம். அது 1867ஆம் ஆண்டில் தோன்றி 1876ஆம் ஆண்டில் மறைந்த ரெனென்ற் குடும்பத்துப் பாரனெற் பட்டமாகும்.

ஆங்கிலேயரிடையே 'சேர்' என்னும் முன்னடை இருவகையாக வரும். ஒன்று வீரப்பட்டம், அது பெற்றவரோடு முடிவது. சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் என நாம் வழங்குவன இவ்வகையின. மற்றையது பாரனெற் பட்டம். இது தந்தைக்குப்பின் மூத்த மகனுக்கும், அவனுக்குப்பின் அவன் மகனுக்கும் இறங்குவது. பிரபுக்கள் சபையில் ஆசனம் தராததாயினும் இது பரம்பரைப் பட்டமேயாம். பெரும்பாலும் ஆண்வழியே இறங்குமாறு இது வரையறுக்கப்படும். உரியவன் உளன் எனினும் உரிமை நிறுவப்படாதிருப்பின் அப்பட்டம் உறங்குவதாகக் கொள்வர். உரிய ஆண்வழி முற்றும் இல்லாதொழியின் அற்றுப்போனதாகக் கொள்வர். உறங்கியது எழலாம்; அற்றது மீளாது.

பாரனெற் பட்டம் பிறந்த கதை அறியத்தக்கது. முதலாம் ஜேம்ஸ் மன்னன் 1611ஆம் ஆண்டில் இதனை ஏற்படுத்தினான். அயர்லாந்தின் வடபாகமாகிய அல்ஸ்ரரில் பிரித்தானியக் குடியேற்றத்தைக் காப்பதற்குப் படை வேண்டியிருந்தது; படைக்குப் பொருள் வேண்டியிருந்தது. பட்டம் பெறுவோர் ஒவ்வொருவரும் முப்பது போர்வீரருக்கு, ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 8 பென்ஸ் வீதம், மூன்றாண்டுச் சம்பளம் இறுத்தல் வேண்டும் என்பது விதி. முப்பது வீரருக்கு ஒரு நாளைச் செலவு 240 பென்ஸ், அஃதாவது சரியாக ஒரு பவுண். மூன்றாண்டுக்கு 1,095 பவுண். இவ்வாறு விலை குறிக்கப்பட்டுப் பிறந்த பட்டத்தின் இலச்சினையாக அமைந்ததும் அல்ஸ்ரரின் செங்கையே. அந்த அல்ஸ்ரர் மண்ணிலேயே நம் கட்டுரைக்குரியவரின் குடும்பமும் வாழ்ந்தது.

ஜேம்ஸ் எமர்சன் 1804ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகர் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். டப்ளின் திரித்துவக் கல்லூரியிற் கற்றார். இளமையில் கிரேக்கர் துருக்கியரை எதிர்த்து விடுதலைப் போர் நிகழ்த்திய காலத்தில் அந்நாடு சென்றார். அப்போரைப்பற்றியும் கிரேக்க வரலாற்றைப்பற்றியும் நூல்கள் எழுதினார். 1831ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரத்துப் பெருஞ்செல்வராகிய வில்லியம் ரெனென்ற் என்பாரின் மகள் லெற்றீசியாவை மணந்தார். மறு ஆண்டில் மாமனார் வாந்திபேதியால் இறக்கவே, அவருடைய செல்வத்தோடு அவர் குடும்பப் பெயரையும் அரச அனுமதி பெற்றுத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஆகவே 'ரெனென்ற்' என்பது அவருக்குத் தந்தை வழி வந்த பெயரன்று. மனைவி வழி வந்தது.

மாமனாரின் வாழ்வு வியப்புக்குரியது. 1798ஆம் ஆண்டில் அயர்லாந்தில் ஆங்கில ஆட்சிக்கெதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, ஐக்கிய ஐரிஷ் சங்கத்தோடு தொடர்புடையவர் என்று சிறை வைக்கப்பட்டவர் அவர். பின்னர் வணிகத்திலும் வங்கித் தொழிலிலும் பொருள் ஈட்டி நிலங்கள் வாங்கினார். பெர்மனா மாவட்டத்து ரெம்போ என்னும் நிலம் அவற்றுள் ஒன்று. அது மக்குவயர் என்னும் பழைய ஐரிஷ் தலைவர் குடியினர் ஆண்டுவந்த இடம். ஒரு குடியின் ஆட்சி தேய்ந்த இடத்தில் மற்றொரு குடியின் செல்வம் வேரூன்றியது.

ரெனென்ற் 1832ஆம் ஆண்டு முதல் இடையீடுகளோடு பெல்பாஸ்ற் நகரின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் இருந்தார். 1845ஆம் ஆண்டில் வீரப்பட்டம் பெற்று, இலங்கையின் குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாக நியமனம் பெற்றார். தேசாதிபதிக்கு அடுத்த நிலையிலுள்ள பதவி அது. அப்பதவியில் அவருக்கு முன்னிருந்த பிலிப் அன்ஸ்ருதர் முகத்துவாரத்தில் கட்டிய ஈலி மாளிகையின் பெயர், மாளிகையும் அதன் உரிமையாளரும் போன பின்னரும், கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள நீர்த்தேக்கத்துக்கு நிலைத்துவிட்டது. மனிதர் நாட்டிய பெயர்களுள் எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதை முன்கூட்டிச் சொல்லல் அரிது.

இலங்கையில் ரெனென்றின் உத்தியோக வாழ்வு ஐந்தாண்டே. அதுவும் நற்பெயரோடு முடிந்ததன்று. நாட்டின் வரவு செலவையும் வர்த்தகத்தையும் ஆராய்ந்து அவர் ஓர் அறிக்கை எழுதினார். ஏற்றுமதி வரிகளை நீக்கி, நிலவரி போன்ற நேர்வரிகளை விதிக்கலாம் என்பது அதன் சாரம். 1847ஆம் ஆண்டில் ரொறிங்ரன் பிரபு தேசாதிபதியாக வந்தார். அவ்வேளை கோப்பியின் விலை வீழ்ந்து அரசாங்க வருமானம் குன்றியிருந்தது. நிலவரி விதிப்பதற்கு நில அளவை வேண்டும். அது உடனே இயலாது. ஆகவே கைக்கெட்டிய பொருள்கள்மீதெல்லாம் வரி விழுந்தது. துவக்கு வைத்திருப்போர் ஆண்டுதோறும் 2 சிலிங் 6 பென்ஸ் கட்டி அனுமதி பெறல் வேண்டும், நாய்க்கு வரி, கடைக்கு வரி, ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை, அன்றேல் அதற்கு ஈடாக 3 சிலிங். காசு கண்டறியாத கிராமத்தவனுக்கு இவை தாங்கொணாச் சுமையாயின.

1848ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி எழுந்தது. இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. புரன் அப்பு ஓகஸ்ற் மாதத்தில் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். காவியுடையோடு பௌத்த பிக்கு ஒருவரும் கொல்லப்பட்டார். கிளர்ச்சிக்காரர் மன்னனாக முடிசூட்டிய கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான். அடக்குமுறை அளவு கடந்தது என்ற கூக்குரல் கொழும்பிலும் இலண்டனிலும் எழுந்தது. பாராளுமன்றக் குழு ஒன்று இதனை விசாரித்தது. அதற்கிடையே உயர் உத்தியோகத்தர்களுக்குள் மூண்ட பகையும் வெளிப்பட்டது. முடிவில் ரொறிங்ரனும் ரெனென்றும் இலங்கையை விட்டு நீங்கினர். 1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் சிறையிருந்தவரின் செல்வத்தையும் பெயரையும் பெற்றவர், சரியாக ஐம்பது ஆண்டுகளின் பின்னர் வேறொரு தீவில் கிளர்ச்சியை அடக்கிய அரசாங்கத்தின் இரண்டாம் தலைவராக இருந்தார் என்பது சிந்தித்தற்குரியது.

ஆயின் ஆங்கில அரசு அவரைக் கைவிட்டுவிடவில்லை. 1852ஆம் ஆண்டில் வர்த்தக சபையின் நிரந்தரக் காரியதரிசியாகி, 1867ஆம் ஆண்டுவரை அப்பதவியை வகித்தார். ஓய்வு பெற்றபோது அரசு அவருக்கு அளித்த பரிசே பாரனெற் பட்டம். பெர்மனா மாவட்டத்து ரெம்போ மாளிகைக்குரிய பாரனெற் என்பது அதன் பெயர். அம்மாளிகையையும் அவர் 1860களிற் புதுக்கிக் கட்டுவித்திருந்தார். மாளிகை எழுந்தது, பட்டம் வந்தது, மகனும் இருந்தான். பரம்பரை ஒன்று நிலைபெறுவதற்கு வேண்டியன யாவும் குறைவறப் பொருந்தின என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் இரண்டாண்டில், 1869ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சேர் ஜேம்ஸ் இறந்தார். மகன் சேர் வில்லியம் இரண்டாம் பாரனெற்றானார். அவரும் ஆண்மக்களின்றி 1876ஆம் ஆண்டில் இறந்தார். அத்துடன் பட்டம் அற்றுப்போயிற்று. எக்காலத்துக்கும் இறங்குக என்று வழங்கப்பட்ட பட்டம் பத்தாண்டுதானும் நிரம்பாமல் இருவரோடு முடிந்தது.

இங்கு ஒன்று கவனித்தற்குரியது. சேர் வில்லியத்துக்குப் பெண்மக்கள் இருந்தனர். மகள் எதெல், லாங்கம் என்னும் மற்றொரு பாரனெற் குடும்பத்திற் புகுந்தாள். ரெம்போ மாளிகை அவள் வழியாக அக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே பெயர் ஒரு மகள் வழியாக எமர்சனுக்கு வந்தது. நிலமும் மாளிகையும் மற்றொரு மகள் வழியாக லாங்கமுக்குச் சென்றன. பட்டம் ஒன்றே பெண்வழி செல்ல இயலாது மாண்டது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுதுவித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையைக் கற்றோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஆண்மக்களுக்கு முதுசம், பெண்மக்களுக்குச் சீதனம் எனப் பொருளை இருவழியிலும் செலுத்திய வழக்கு நம்முடையது. தாயின் சீதனம் மகளுக்கு என்ற ஒழுங்கில், ஆண் இல்லாமையால் மட்டும் ஒரு குடியின் உடைமை அற்றுப்போவதில்லை. ஆங்கிலப் பட்டமோ மகளிருள்ள வீட்டையும் வழியற்ற வீடு எனக் கணக்கிட்டது.

இனி, பட்டம் போனபின் எஞ்சியது யாது என்பதைக் காண்பாம். ரெனென்றின் பெயர் இந்நாட்டில் இன்றும் வழங்குவது பட்டத்தாலன்று; 1859ஆம் ஆண்டில் அவர் இரு பாகங்களாக வெளியிட்ட 'சிலோன்' என்னும் பெருநூலாலேயாம். சார்ல்ஸ் டிக்கென்ஸ் என்னும் நாவலாசிரியர் தம் நூல்களுள் ஒன்றை நட்பின் நினைவாக உரிமை செய்யும் அளவுக்கு எழுத்துலகில் அவர் மதிப்புப் பெற்றிருந்தார். அப்பெருநூலில் இலங்கையின் நிலவியல், செடிகொடி, விலங்கு, பறவை, குளங்கள், பாழடைந்த நகரங்கள், பண்டை வணிகம், பறங்கியர் ஒல்லாந்தர் ஆட்சி ஆகிய யாவும் இடம் பெற்றன. கிரேக்க, உரோம, அராபிய ஆசிரியர் கூற்றுகளை மட்டுமன்றி, சீன மொழி அறிஞரின் துணைகொண்டு சீனர் எழுதிய குறிப்புகளையும் அவர் தேடித் தொகுத்தார். இலங்கையைப்பற்றிப் பிறநாட்டார் சொன்னவற்றை ஓரிடத்திற் காண விரும்பியோர்க்கு அந்நூல் நெடுங்காலம் திறவுகோலாயிற்று.

அவர் கண்ணுங் காதும் கூரியவை. 1848ஆம் ஆண்டில் மட்டக்களப்பு வாவியில் இரவிலே தோணியேறிச் சென்று, நீரினடியிலிருந்து எழும் இன்னொலியைச் செவிமடுத்து, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்குமிடத்து எழும் ஓசைபோல அது இருந்ததென எழுதினார். மட்டக்களப்பின் பாடுமீன் உலகறியப் பெற்றதற்கு அவருடைய எழுத்தும் ஒரு காரணம். வரி விதிப்பில் மக்கள் மனத்தைக் கேளாத செவி, வாவியின் ஓசையைக் கேட்டது.

பட்டம் அற்று ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1977ஆம் ஆண்டில், அந்நூல் வெள்ளவத்தையை அடுத்துள்ள தெகிவளையில் மறுபதிப்பாக வெளிவந்தது. அரச முத்திரை பத்தாண்டு காக்க மாட்டாத பெயரை அச்செழுத்து நூறாண்டு காத்தது.

ஆயின் நூலைப் புகழ்ந்து அமைதல் நம் கடமையை நிறைவேற்றாது. முதுசம் பெறுவோன் சொத்தை மட்டும் பெறுவதில்லை, கடனையும் ஏற்கின்றான். ரெனென்றின் நூல்வழி நமக்கு வந்த கடன்கள் சில உள. அவற்றுள் முதலாவது 'மலபார்' என்னும் சொல். தமிழரை மலபாரிகள் என்றழைத்தல் போர்த்துக்கேயர் காலந்தொட்டு வந்த வழக்கு. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலின் மொழியும் மலபார்த் தமிழ் என்றே குறிக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் அது அறியாமையாற் பிறந்த பெயர் எனலாம். ஆனால் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுத் தமிழும் மலையாளமும் தனித்தனி மொழிகள் என விளக்கியது 1856ஆம் ஆண்டில். மூன்றாண்டின் பின் வெளிவந்த ரெனென்றின் நூலில் இலங்கைத் தமிழர் மலபாரிகளாகவே நின்றனர். ஒரு மக்களின் பெயரை வேறொரு கரையிலிருந்து கடன் வாங்கி இடுவது சிறு பிழை போலத் தோன்றும். அதனால் விளைவது பெரிது: இந்நாட்டில் வேரூன்றிய மக்கள், என்றும் வெளியிலிருந்து வருவோராகவே வாசிப்போர் உள்ளத்திற் பதிந்துவிடுவர்.

இரண்டாவது கடன், அவர் கைக்கொண்ட ஆதாரத்தின் ஒருபுறச் சாய்வு. ரேணர் 1837ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட மகாவம்சமே பண்டைய வரலாற்றுக்கு அவருக்குப் பெருந்துணை. விகாரையைச் சார்ந்தோர் எழுதிய அந்நூல் விகாரையின் நலத்தை மையமாகக் கொண்டு அரசரை அளப்பது. அதன்வழி நடந்தமையால், தமிழர் வருகை பெரும்பாலும் படையெடுப்பாகவே அவர் நூலிற் காட்சியளிக்கின்றது. வணிகர், குடியானவர், கோயில் எடுப்போர், கூலிப்படையினர் என வந்து கலந்த பல திறத்தாரின் கதை அங்கே மங்கிவிட்டது.

ரெனென்றுக்குக் கிடையாத சான்றுகள் பின்னர் கிடைத்தன. பட்டம் அற்ற மறு ஆண்டில், 1877ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. 1911ஆம் ஆண்டில் காலியிற் கண்டெடுக்கப்பட்ட கல் ஒன்று அங்கே வைக்கப்பட்டுள்ளது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்வித்த அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிற் கோயில் கொண்ட தெனவரை நாயனாரை வணங்குகின்றது. சீன நூல்களை அத்துணை ஆர்வத்தோடு தேடியவர் இக்கல்லைக் கண்டிருப்பின், தென்னிலங்கைத் துறைமுகத்தில் தமிழ் வகித்த இடத்தை உணர்ந்திருப்பார். அவ்வாறே பொலனறுவையிலுள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று, வேளைக்காரப் படையினர் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக உறுதி பூண்ட செய்தியைச் சொல்கின்றது. படைவீரராகிய தமிழர் அழிப்போராக மட்டுமன்றிக் காப்போராகவும் நின்றனர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

நம்மவரும் வாளாவிருக்கவில்லை. ரெனென்றின் நூல் இலண்டனில் வெளிவந்த அதே 1859ஆம் ஆண்டில், கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் எழுதிய 'தமிழ் புளூராக்' யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. பின்னர் முத்துத்தம்பிப்பிள்ளையின் 'யாழ்ப்பாணச் சரித்திரம்' 1912இலும், முதலியார் இராசநாயகத்தின் 'பண்டைய யாழ்ப்பாணம்' ஆங்கிலத்தில் 1926இலும், சுவாமி ஞானப்பிரகாசரின் 'யாழ்ப்பாண வைபவ விமரிசனம்' 1928இலும் வெளிவந்தன. இவற்றுள்ளும் திருத்த வேண்டியன உண்டு. ஆயினும் பெயரிடப்பட்ட மக்கள் தம் பெயரைத் தாமே எழுதத் தொடங்கினர் என்பது பெரும் மாற்றமாகும்.

வேறோர் உதாரணமும் உண்டு. 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இலங்கையில் கிறிஸ்தவம்' என்னும் நூலில் ரெனென்ற் வட்டுக்கோட்டைச் செமினரியின் கல்வித் தரத்தை மிகப் பாராட்டினார். அக்காலத்தில் அங்கே மாணவராயிருந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவரே பின்னர் சைவராகி, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்து, செல்லரித்த ஏடுகளிலிருந்து தமிழை மீட்டவர். மதப் பிரசாரத்தின் வெற்றிக்குச் சான்றாக ஒருவர் காட்டிய கல்விக்கூடம் சங்கத் தமிழின் காவலர் ஒருவரை ஈன்றது. கல்வியின் வழி, கொடுத்தவன் வரைந்த கோட்டில் நில்லாது.

சைவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. நம் சாத்திர மரபு ஆசிரியர் மாணாக்கர் தொடர்பைச் 'சந்தானம்' என்னும் சொல்லாலேயே குறிக்கின்றது. மெய்கண்டாரும் அருணந்தி சிவாச்சாரியாரும் மறைஞானசம்பந்தரும் உமாபதி சிவாச்சாரியாரும் இரத்த உறவால் அன்றி ஞான உறவால் ஒரு வழியினர். குலகுருவாகிய முதியவர் அருணந்தி, சிறுவராகிய மெய்கண்டாரை ஆசானாகக் கொண்டார். மகனுக்கே இறங்குக என்னும் சட்டம் இத்தகைய உரிமையைக் கனவிலும் காணாது.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. சேர் முத்துக்குமாரசுவாமி 1874ஆம் ஆண்டிற் பெற்ற வீரப்பட்டம் 1879ஆம் ஆண்டில் அவரோடு முடிந்தது. அவர் மகன் ஆனந்தர் பட்டத்தைப் பெறவில்லை, கலைப்பற்றைப் பெற்றார். சோல்பரிப் பிரபு 1949 முதல் 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்தவர். அவரது பட்டமோ பரம்பரைக்குரியது. அவர் மூத்த மகன் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளை அடைந்து சந்தசுவாமி என்னும் பெயரோடு வாழ்ந்தார். 1971ஆம் ஆண்டில் தந்தை இறந்தபோது பட்டம் அவரைத் தேடி வந்தது. மக்கட்பேறு இல்லாத அவர் 2004ஆம் ஆண்டில் மறைந்தபோது அது தம்பியிடம் சென்றது. இரத்தத்தால் வந்ததைத் தம்பிக்கு விட்டு, குருவால் வந்ததை ஈழத்து அடியார்க்கு விட்டுச் சென்றார் அவர்.

ரெனென்ற் பாரனெற்றுகளின் வரலாறு ஒன்பதாண்டுக் கதையே. ஆங்கிலப் பட்டியல்களில் இரு வரிகளில் அடங்குவது. ஆனால் அவருடைய நூலுக்கு இந்நாட்டில் வாரிசுகள் உளர். அதனைக் கற்கும் நாமும் அவருள் அடங்குவோம். அவர் திரட்டிய செல்வத்தை நன்றியோடு பெறுவோம். அவர் வைத்துச்சென்ற கடனைக் கல்வெட்டுக்கொண்டும் ஏடுகொண்டும் தீர்ப்போம். வரலாறு கற்கும் மாணவர் அந்நூலை ஒரு கையில் ஏந்தும்போது, மறு கையில் காலிக் கல்லின் படியையும் பொலனறுவைச் சாசனத்தின் வாசகத்தையும் வைத்துக்கொள்வாராக. அற்றுப்போன பட்டத்துக்கு வாரிசு தேடுவார் எவருமிலர். எழுதிய சொல்லுக்கோ திருத்துவோரே உண்மை வாரிசுகள்.